பட்டு ஊரில் பஞ்சு தேடினால்

காட்பாடி – விழுப்புரம் ரயிலில் வருகிறவர்களுக்குக் களம்பூரே ஆரணிதான். களம்பூரில் இருக்கும் நிலையத்தின் பெயர்ப் பலகையில் ‘ஆரணி ரோடு’ என்று எழுதியிருக்கும். பட்டும் அப்படித்தான். இங்கே தறியிலிருந்து இறங்கும் சேலையும் கடைக்குப் போனதும் ஆரணிப் பட்டு ஆகிவிடும். களம்பூர் தன் சொந்தப் பெயரில் வெளியே அனுப்பிப் புகழ் சம்பாதித்தது அரிசியைத்தான். சென்னை மளிகைக் கடைகளில் ‘களம்பூர் பொன்னி’ என்று கேட்டு வாங்குபவர்கள் உண்டு.

இந்த ஊரில் ஒருவர் தன் கையாலேயே பஞ்சு அடைத்த போர்வையான ரஜாய் ஒன்று தைக்க உட்கார்ந்தால் மேல்துணிக்குக் குறைவில்லை. பீரோவைத் திறந்தால் போதும். உள்ளே என்ன வைப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு யோசனை வரும். வீட்டுப் பெரியவர்கள் இலவம் பஞ்சு என்பார்கள். தறிக்காரர் பட்டுக் கழிவைக் காட்டுவார். தையல்காரர் ஃபைபர் ஷீட்டை விரிப்பார். பெங்களூரிலிருந்து வந்த மருமகள் கம்பளிதான் சூடு என்று கைப்பேசியில் படம் காட்டுவார். நான்கு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. போர்வை எங்கே தூங்கப் போகிறது என்பதை மட்டும் நால்வரும் கேட்கவில்லை.

களம்பூரிலேயே என்றால் மார்கழி, தை மாத விடியற்காலையில் பதினெட்டு டிகிரி பக்கம் இறங்கும். அதற்குப் பஞ்சே தேவையில்லை, பிறகு பார்ப்போம். போளூரிலிருந்து ஜவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூர் போனால் கதை மாறும். உயரம் 100 மீட்டர் கூடக் கூட வெப்பம் ஏறக்குறைய 0.65 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டரில் இருக்கிறது. அங்கே தொலைநோக்கி நிற்கும் கூடத்தைச் சூடாக்கவும் கூடாது. உள்ளே வெப்பமும் வெளியே குளிரும் இருந்தால் காற்று அலைந்து நட்சத்திரம் கலங்கித் தெரியும். 1986இல் திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் அருகே தை மாத இரவில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் போர்வையைப் பற்றி நன்றாகவே பேசுவார்கள். ஊட்டி இன்னும் மேலே, 2,240 மீட்டர். ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் ஊர். களம்பூருக்குத் தைப்பதும் ஊட்டிக்குத் தைப்பதும் ஒரே வேலை என்று நினைத்தால் ஒன்று வியர்க்கும், அல்லது விறைக்கும்.

சரி, போர்வை எப்படிச் சூடு தருகிறது? அது சூடே தருவதில்லை. உடம்பு விடும் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. பிடித்து வைப்பது பஞ்சுகூட இல்லை, பஞ்சுக்கு நடுவே அசையாமல் சிக்கிக் கிடக்கும் காற்று. அசையாத காற்றைப்போல வெப்பத்தைக் கடத்தாத மலிவான பொருள் வேறில்லை. அந்தக் காற்றை நகரவிடாமல் நிறுத்துவதுதான் இழையின் வேலை. ஆகவே கையில் எடுத்துப் பார்க்கும்போது எடை எவ்வளவு என்பதைவிடக் கனம், அதாவது தடிமன், எவ்வளவு, அமுக்கினால் எழுகிறதா என்பதே கேள்வி. இரண்டு கிலோ பஞ்சு தட்டையாகப் படுத்துக் கிடந்தால் சுமைதான் மிச்சம்.

இதை அளக்க ஓர் அலகும் இருக்கிறது, ‘டாக்’ என்று. 1940களில் மான்செஸ்டரில் பருத்தி ஆராய்ச்சிக்காக இருந்த ஷெர்லி நிலையத்தார் கடைக்காரருக்கும் புரியட்டும் என்று உண்டாக்கியது. பிரிட்டனில் போர்வை வாங்கினால் அட்டையில் இந்த எண் இருக்கும்: கோடைக்கு 4.5, கடுங்குளிருக்கு 13.5. நன்றாகப் பொங்கிய பஞ்சு ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சுமார் இரண்டரை டாக் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். பஞ்சின் பெயர் பருத்தியோ பாலியஸ்டரோ, கனம் ஒன்றானால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஊட்டிக்குப் பத்து டாக் வேண்டும் என்றால் நான்கு சென்டிமீட்டர் கனம் வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் எந்த அதிசயப் பஞ்சை வைத்தாலும் நாலு டாக்கைத் தாண்டாது. பிறகு எதற்கு இத்தனை பஞ்சு வகை? அந்தக் கனத்தை எவ்வளவு எடையில் தருகிறது, எத்தனை வருடம் தாங்குகிறது, வியர்வையை என்ன செய்கிறது, துவைத்தால் என்ன ஆகிறது என்பதில்தான் வேறுபாடு.

பட்டு ஊர்க்காரர்களுக்கு முதலில் தோன்றும் ஆசையைப் பார்த்துவிடலாம். பாவு முடியும்போது வெட்டி எடுக்கும் நுனி நூல், ஊடையில் மிஞ்சிய துண்டு, ஜக்கார்டு தறியைச் சுற்றிச் சேரும் சிக்கல் நூல் என்று பட்டுக் கழிவு கொஞ்சமாவது இருக்கும். அசல் பட்டு, அதுவும் சும்மா கிடப்பது. உள்ளே அடைத்தால் பட்டு ரஜாய் ஆகிவிடாதா?

ஆகாது. தறிக்கு வரும் பட்டு முறுக்கேறிய நூல். பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, பசை நீக்கி, சாயம் ஏற்றி வந்திருக்கும். முறுக்கு என்றாலே இழைகளுக்கு நடுவே இருந்த காற்றைப் பிழிந்து வெளியேற்றுவது. அந்த நூலை அள்ளி உள்ளே வைத்தால் பொங்காது. பத்து நாளில் கட்டி கட்டியாகத் திரளும், ஓர் ஓரத்துக்கு ஓடும். கூடவே ஜரிகைத் துணுக்கு ஒன்றிரண்டு இருந்தால் ராத்திரி முழுக்கக் குத்தும். அடர்சாய நூலாக இருந்தால் முதல் துவைப்பில் மேல்துணியில் கறை இறங்கவும் வாய்ப்பு உண்டு. கழிவு நூலில் கைப்பை தைக்கலாம், மிதியடி பின்னலாம். போர்வைக்கு வேண்டாம்.

உண்மையான பட்டுப் போர்வை வேறு ஜாதி. சீனாவில் சூஜோ பக்கம் அதற்கென்றே ஒரு கைத்தொழில் இருக்கிறது. சில நேரம் இரண்டு புழுக்கள் சேர்ந்து ஒரே கூட்டைக் கட்டிவிடும். இரண்டு இழையும் பின்னிக்கிடப்பதால் அதிலிருந்து சீராக நூல் எடுக்க முடியாது. அந்த இரட்டைக் கூட்டை வேகவைத்து, நீரில் விரித்து, வளைவின் மேல் மாட்டி, காய்ந்த பிறகு நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்துக் கட்டில் அகலத்துக்கு இழுப்பார்கள். சிலந்தி வலைபோல ஓர் அடுக்கு. அப்படி அடுக்கடுக்காகப் போட்டால் போர்வை. முறுக்கு கிடையாது, வெட்டு கிடையாது. ஒரே நீள இழை குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால் நகராது, அதிகத் தையலும் தேவைப்படாது. ஜப்பானியர்கள் இதை மவாட்டா என்பார்கள், குளிர்ச்சட்டைக்குள் வைப்பார்கள். நம் பக்கத்தில் தருமபுரி, ராம்நகர் பட்டுக்கூடு சந்தைகளுக்கு வரும் கூட்டிலும் இரட்டைக் கூடு கிடக்கும். நெசவுக்காரர்கள் டூப்பியன் என்று அறிந்திருப்பது இதிலிருந்து வரும் கரடுமுரடான நூலைத்தான். அதைப் போர்வையாக இழுக்கிற கை நம் ஊரில் பழக்கத்தில் இல்லை. ஊரில் பட்டுக்கா பஞ்சம் என்று கேட்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இலவம் பஞ்சுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அதற்குப் போடிநாயக்கனூர்ப் பக்கம்தான் பேர்போன இடம். இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறும் குழாய், ஏறக்குறைய எண்பது சதவீதம் காற்று. மேலே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் ஒட்டாது, மிதக்கும், எடையே தெரியாது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டையெல்லாம் ஜாவாவின் இலவம் பஞ்சில்தான். 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வரத்து நின்றுபோனது. அங்கே பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பி, நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்களை மூட்டை மூட்டையாகப் பறிக்கச் சொன்னார்கள். அந்தப் பஞ்சை அடைத்துச் சட்டை தைத்தார்கள்.

படிக்கும்போது இதைவிடச் சிறந்த போர்வைப் பஞ்சு உண்டா என்று தோன்றும். காகிதத்தில் உண்மை, கட்டிலில் கொஞ்சம் தகராறு. இலவம் இழை குட்டை, வழுவழுப்பு. ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது, எந்தத் தையலுக்கும் அடங்காமல் வழுக்கி ஓடும், ஊசி போன துளை வழியாகவும் எட்டிப் பார்க்கும். உள்ளே இருக்கும் குழாய் ஒருமுறை நசுங்கினால் மீள்வது கடினம். துவைக்கவே கூடாது. தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். தலையணைக்கு அது ராஜா, அதில் சந்தேகமில்லை. மெத்தைக்கும் சரி, வெயிலில் போட்டுத் தட்டி எடுத்தால் பொங்கும். போர்வைக்குத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், நெருக்கமான காடாத் துணியில் சாண் அகலத்துக்குச் சின்னச் சின்ன அறைகளாகத் தைத்து, அறைக்குக் கொஞ்சமாக அடைத்து, மேலே கழற்றித் துவைக்கிற உறை ஒன்று போட வேண்டும். பொறுமை இருப்பவர்கள் செய்யலாம்.

பருத்தியிடம் அந்த முரண்டு இல்லை. இழை நாடாபோலத் தட்டையாகி முறுகிக் கிடப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இங்கே ஒரு வேடிக்கை. நூல் நூற்க உயர்ந்தது போர்வைக்கு உயர்ந்தது இல்லை. கோவையில் உருவாகி 1974இல் வெளிவந்த சுவின் பருத்தி நீள இழைக்கு உலகப் புகழ் பெற்றது. மெல்லிய சட்டைத் துணிக்காக ஆலைகள் தேடும் ரகம். அதன் மென்மையான இழையை ரஜாய்க்குள் வைத்தால் சீக்கிரம் படுத்துவிடும். குட்டையான, முரட்டு நாட்டு ரகம்தான் துள்ளி எழும். தென்மாவட்டங்களின் கரிசலில் விளைந்த கருங்கண்ணி அந்த ரகம். வடக்கே விளையும் ‘பெங்கால் தேசி’யும் அப்படித்தான், மருந்துக்கடைப் பஞ்சுக்கும் அடைப்புக்கும் போவது. கடையில் மெத்தைப் பஞ்சு என்று விற்பதில் ஆலைக் கழிவு கலந்திருக்கும். கொஞ்சம் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விதைத்தோல் கறுப்புப் புள்ளிகளும் துண்டு நூலும் தெரியும். புள்ளி இருந்தால் பரவாயில்லை. நூல் துண்டு அதிகமிருந்தால் அது கட்டி தட்டும்.

எந்தப் பஞ்சானாலும் கொட்டாத பஞ்சு வெறும் பொதிதான். பெரிய வில்லின் நாணைப் பஞ்சுக்குள் வைத்து மரக்கட்டையால் அடித்தால் அதிர்வில் இழை இழையாகப் பிரிந்து பறக்கும். தமிழ்நாட்டில் பஞ்சுகொட்டிகள் என்றே ஒரு முஸ்லிம் சமூகம் இந்தத் தொழிலால் பெயர் பெற்றது. தெலுங்கில் தூதேகுலா, கன்னடத்தில் பிஞ்சாரி. வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு நாணைச் சுண்டி ஒலி எழுப்பியபடி தெருவில் வந்தவர்களை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த வேலையைப் பற்சக்கர இயந்திரம் சில நிமிடங்களில் செய்கிறது, சில ஊர்களில் டெம்போவிலேயே ஏற்றி வருகிறார்கள். அமுங்கிப்போன பழைய பஞ்சைப் பிரித்து மறுபடி கொட்டினால் பாதி உயிர் திரும்பிவிடும். பருத்திக்கு உள்ள பெரிய வசதி இது. ஃபைபர் ஷீட் படுத்தால் படுத்ததுதான்.

கொட்டுவதில் என்ன சாதிக்கலாம் என்பதற்கு ஜெய்ப்பூர் சாட்சி. அங்கே ‘பாவ் ரஜாய்’, அதாவது கால் கிலோ ரஜாய், கடைத்தெருவில் பெருமையாகப் பேசப்படும் சரக்கு. பஞ்சைத் திரும்பத் திரும்பக் கொட்டி, புகைபோல ஆக்கி, உறைக்குள் பரப்பி, மெல்லிய குச்சியால் தட்டித் தட்டிச் சமமாக்கி, பிறகு கையால் தைப்பார்கள். எடை கம்மி, பொங்கல் அதிகம். கால் கிலோ சரக்கு ராஜஸ்தான் பனிக்கு எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம். கடுங்குளிருக்கு அங்கேயும் வீடுகளில் கனத்த ரஜாய்தான். நமக்கு ஐந்தடிக்கு ஏழடி போர்வை என்றால் பரப்பு மூன்றேகால் சதுர மீட்டர். ஜவ்வாது மலைக்கு ஒரு கிலோ பருத்தி தாராளம். ஊட்டிக்கு அதே பருத்தியை இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது போர்வை மார்பில் உட்காரும்.

அந்த இடத்தில்தான் கம்பளி ஜெயிக்கிறது. கம்பளி இழை பிறவியிலேயே சுருள். அமுக்கினால் எழும். தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. பருத்தி சாதாரணக் காற்றில் வைத்திருக்கும் ஈரம் எட்டரை சதவீதம், பட்டு பதினொன்று, கம்பளி பதினாறு, பாலியஸ்டர் அரைக்கும் கீழே. தூக்கத்தில் வியர்ப்பவருக்கு இந்த எண்கள் முக்கியம். தீயும் கம்பளியில் சட்டென்று பரவாது.

களம்பூர் ரோட்டில் தினமும் மந்தை போகிறதே, அதிலிருந்து கத்தரித்துக்கொள்ளலாமா என்று கேட்கக் கூடாது. வடமாவட்டங்களில் மேயும் சென்னைச் சிவப்பு செம்மறிக்கு மேலே இருப்பது குட்டை மயிர், கம்பளி இல்லை. மேச்சேரி, வேம்பூர் ஆடுகளும் கறிக்கு வளர்ப்பவை. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தருவது நீலகிரி ஆடு ஒன்றுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ முதலிய சீமை ஆடுகளைக் கலந்து வந்த இனம். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகம் அதற்காக ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. குளிர்காலத்தில் வடநாட்டு வியாபாரிகள் பைக்கில் கட்டிக்கொண்டு வரும் ‘கம்பளி’ பெரும்பாலும் பானிபட்டில் பழைய துணியைக் கிழித்து மறுபடி நூற்றதோ, முழு பாலியஸ்டரோதான். அடைப்புக்காகக் கம்பளி ஷீட் வாங்குபவர்கள் ஒரு நுனியைப் பிய்த்து எரித்துப் பார்ப்பது நல்லது. கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்தால் அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தி காகிதம்போல எரியும். உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியானால் பாலியஸ்டர். வீட்டு மெஷினில் போட்டு அலசினால் கம்பளி இறுகிப் பலகையாகிவிடும். வருடம் ஒருமுறை அந்துப் பூச்சியோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

கைத்தொழில்காரர்கள் மூக்கைச் சுளிக்கும் பாலியஸ்டருக்கு நியாயம் பேச ஒருவராவது வேண்டும். 1941இல் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்ற இழை. டாக் பிறந்த அதே ஊர். உள்ளே துளையுள்ள, வழுக்கும் பூச்சு பூசிய இழைகளைத்தான் கடையில் ஃபைபர் பஞ்சு, ரெக்ரான் என்கிறார்கள். ஷீட்டாக வாங்கினால் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஜிஎஸ்எம் கணக்கு.

“அண்ணே, ஊட்டிக்குப் போவுது, முந்நூறு போடலாமா?”

“எரநூறுக்கு மேல போட்டா ஊசி ஏறாதும்மா. ரெண்டு அடுக்கா வச்சு கையால தச்சுக்கோ.”

தையல் கடையில் இப்படி ஒரு பதில் கிடைத்தால் அது சரியான பதில். இருநூறு ஜிஎஸ்எம் நமது போர்வைக்கு 650 கிராம்தான். துவைத்தால் அரை நாளில் காயும், பூஞ்சை பிடிக்காது, நாற்றம் வராது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு, படுக்கையை நனைக்கும் குழந்தைக்கு, ஊட்டி மழைக்காலத்தில் வெயிலே பார்க்காத வீட்டுக்கு இதைவிட நடைமுறையானது வேறில்லை. குறை, ஈரத்தை உறிஞ்சாது என்பது. வியர்வை தோலிலேயே நிற்கும். களம்பூரின் புழுக்கத்தில் அதைப் போர்த்தினால் நடுராத்திரியில் காலால் உதைத்துத் தள்ள நேரும்.

துணியும் தையலும் பஞ்சோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டியவை. ஆரணிப் பட்டுச் சேலையை மேல்துணியாக்க நினைப்பவர்கள் கரையையும் முந்தானை ஜரிகையையும் தனியே எடுத்துவிடுவது உத்தமம். மடிப்பில் இற்றுப்போன பட்டு ஊசியைத் தாங்காது. கத்தரிப்பூ, மயில்கழுத்து போன்ற அடர் நிறத் துணிக்குள் வெள்ளை ஃபைபர் வைத்தால் சில மாதத்தில் துளைவழியே நரைமுடிபோல எட்டிப் பார்க்கும். நடுவில் ஒரு மல் துணி கொடுத்தால் அடங்கும். தையல் கோடு ஒவ்வொன்றும் பஞ்சு நசுங்கிக் குளிர் இறங்கும் இடம், அதனால் தேவைக்கு மேல் போடக் கூடாது. கையால் பரப்பிய பருத்திக்கு இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு வரி இல்லாவிட்டால் பஞ்சு ஓடிவிடும். ஒட்டி வரும் ஃபைபர் ஷீட் எட்டங்குல இடைவெளியைக்கூடத் தாங்கும்.

களம்பூரிலேயே போர்த்திக்கொள்ளப் போகிறவர்களுக்கு வங்கத்துக் காந்தாதான் வழி. பழைய பருத்திச் சேலை மூன்று நான்கை அடுக்கி நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவது, உள்ளே பஞ்சே கிடையாது. கர்நாடகத்தில் கவுதி என்பதும் அதுதான். அடுக்குக்கு நடுவே தங்கும் காற்றே பதினெட்டு டிகிரிக்குப் போதும்.

தைக்கும் மாதத்தையும் கவனிக்க வேண்டும். குளிர் வருகிறதே என்று ஐப்பசி, கார்த்திகையில்தான் பலருக்கு ரஜாய் ஞாபகமே வரும். வடகிழக்குப் பருவமழை ஊறிய அந்தக் காற்றில் பருத்தியும் கம்பளியும் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். அதை அப்படியே உள்ளே வைத்துத் தைத்தால் கனம் குறைந்து, சில வாரத்தில் முடைநாற்றம் எடுக்கும். இலவங்காய் வெடிப்பதும் பருத்தி மூட்டை நன்றாகக் காய்வதும் பங்குனி, சித்திரையில். அப்போது பஞ்சை வாங்கி இரண்டு நாள் மொட்டை மாடியில் விரித்து, வெயில் இறங்குவதற்குள் உறைக்குள் அடைத்து ஓரத்தை மூடிவிட்டால், நடுத் தையலை ஆடி மாதம் வரை ஆற அமரப் போட்டுக்கொள்ளலாம்.